தொங்கும் தூணும் சுடிதார்க்காரியும்

சொந்த ஊரிலேயே வாழ்கிறவர்களுக்கு எந்தக் கடையில் பால் நன்றாக இருக்கும், எந்த மெக்கானிக்கிடம் வண்டியை விடக் கூடாது, எந்தச் சந்தில் நாய் துரத்தும் என்பதெல்லாம் அத்துப்படி. ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அது வெளியூர்க்காரர்களின் இலாகா. நான் தர்மபுரியிலேயே பிறந்து, தர்மபுரியிலேயே வாக்கப்பட்டு, தர்மபுரியிலேயே மருந்துக் கடை நடத்துகிறவள். ஆகவே இந்த விஷயத்தில் நான் எவ்வளவு பெரிய மூடம் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த மூடத்தனம் வெளிப்பட்ட நாளில் எங்கள் கடைக்கு ஓர் இளம் ஜோடி வந்தது. கேரளத்திலிருந்து பைக்கிலேயே வந்தவர்கள். பையனுக்கு வயிறு சரியில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்ட பிறகு அந்தப் பெண் கேட்டாள்:

"சேச்சி, இங்க பார்க்கறதுக்கு என்ன உண்டு?"

"ஒகேனக்கல் இருக்குதுங்க."

"அது பார்த்தாச்சு. டவுனுக்குள்ள?"

நான் யோசித்தேன். பின்னால் அலமாரியில் மருந்து அடுக்கிக்கொண்டிருந்த என் கணவரும் யோசித்தார். கடைசியில், "பஸ் ஸ்டாண்டு இருக்குதுங்க," என்றேன். "நல்லா பெருசா இருக்கும்," என்று அவர் தன் பங்குக்கு ஊருக்குப் பெருமை சேர்த்தார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. (சிரித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.) தன் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். சிற்பம் செதுக்கிய ஒரு கல்தூண். அதன் அடிப்பாகம் தரையைத் தொடவில்லை. கீழே ஒரு கைக்குட்டை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

"அட! இது எந்த ஊருங்க?" என்றேன்.

"இந்த ஊருதான் சேச்சி. கோட்டைக் கோயில்."

எங்கள் கடையிலிருந்து நடந்தே போகலாம். எத்தனையோ முறை போயிருக்கிறேன். போவேன், சாமியைப் பார்ப்பேன், பிரசாதம் வாங்குவேன், செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன், வந்துவிடுவேன். தூண் என்பது களைத்துப்போனால் சாய்ந்துகொள்ள இருக்கும் ஒரு வசதி என்றுதான் நினைத்திருந்தேன். (தொங்குகிறது என்று தெரிந்திருந்தால் சாய்ந்திருக்கவே மாட்டேன்.)

அன்று சோறு இறங்கவில்லை. என் கணவர் சிவலிங்கத்திடம் சொல்லிவிட்டேன். "ஏங்க, ரெண்டு நாள் கடைய மூடிட்டு நம்ம ஊர சுத்திப் பாக்கணும். டூரிஸ்ட் மாதிரி."

"அதுக்கென்ன, ஞாயித்துக்கெழம சாயந்திரமா வூட்ல இருந்து ஒரு நடை..."

"வூட்ல இருந்து போனா அது டூர் ஆவாது. காய்கறி வாங்கப் போற மாதிரிதான் இருக்கும். லாட்ஜ்ல ரூம் போடணும்."

வீட்டிலிருந்து லாட்ஜுக்கு ஆட்டோவில் போனால் டிரைவர் மீட்டரைப் பற்றிப் பேச்செடுப்பதற்குள் வந்துவிடும். இருந்தாலும் என் வாதம் வலுவானது. வீட்டில் தூங்கினால் காலையில் பால்காரர் வருவார், பக்கத்து வீட்டம்மா தலைவலிக்கு மாத்திரை கேட்பார், சிலிண்டர் வரும். பயணியாக இருக்க வேண்டுமென்றால் முதலில் வீட்டை விட்டு ஓட வேண்டும். அவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நிவேதாவிடம் போனில் சொன்னபோது அவள் குதித்தாள். "சேலைல போனீன்னா உன்ன எவன்மா டூரிஸ்ட்னு நம்புவான்? வழியெல்லாம் நிறுத்தி வெச்சு மாத்திரை கேப்பாங்க. பீரோல என் சுடிதார் இருக்கு, தொப்பி இருக்கு, கூலிங் கிளாஸ் இருக்கு, கேமரா இருக்கு. அப்பாவுக்கு நான் வாங்கிக் குடுத்த முக்கால் பேன்ட்ட எடுத்து மாட்டி வுடு."

நான் அதுவரை சுடிதார் போட்டதே இல்லை. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். இறுக்கிக் கட்டிய தலையணை மாதிரி இருந்தேன். ஆனால் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் சேர்த்ததும் ஓர் அதிசயம் நடந்தது. எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. அவருடைய நிலைமை இன்னும் மோசம். வாழ்நாள் முழுக்க வேட்டிக்குள்ளும் பேன்ட்டுக்குள்ளும் பத்திரமாக இருந்த கெண்டைக்கால் முதல் முறையாக வெயிலைப் பார்த்துக் கூசியது. அவரும் கூசினார்.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயத்தில் நிவேதாவுக்கு ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பாப்பிரெட்டிப்பட்டிப் பையன். நல்ல குடும்பம். நிவேதாவுக்கும் பிடித்துப்போயிருந்தது. பூ வைக்க நாள் பார்ப்பதுதான் பாக்கி. அந்த வரனைக் கொண்டுவந்தவர் என் கணவரின் அக்கா, மொரப்பூர் ராஜாமணி அண்ணி. 

அண்ணியைப் பற்றிச் சொல்வதென்றால், நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து கால் நூற்றாண்டு ஆகியும் என்னைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. சேலை எடுத்தால் சாயம் போகும் என்பார். பிள்ளை பெற்றால் எடை குறைவு என்பார். கடை போட்டால் வாசல் சரியில்லை என்பார். வரன் பேசி முடித்த கையோடு எங்கள் இருவருக்கும் ஒரு கட்டளையும் போட்டிருந்தார்: "அவங்க கௌரவமான குடும்பம். காரியம் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் கோணங்கித்தனம் எதுவும் பண்ணாம இருங்க."

அந்தக் கட்டளை காதில் இருக்கும்போதேதான் நான் சுடிதாரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். டூருக்கு இரண்டு விதிகளும் வகுத்தேன். ஒன்று, போனை அணைத்து வைத்துவிட வேண்டும். இரண்டு, தெரிந்தவர் யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. நாம் வெளியூர்.

லாட்ஜில் முதல் அடி விழுந்தது. ரிசப்ஷனில் இருந்த மேனேஜர் ஆதார் அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"சாரிங்க சார். லோக்கல் ஆளுங்களுக்கு ரூம் குடுக்கறதில்லைங்க."

"என்னாத்துக்குங்க?"

"ஓனர் சொல்லியிருக்காருங்க." அவர் பார்வை என் கறுப்புக் கண்ணாடியில் வந்து நின்றது. "இவங்க யாருங்க?"

"எங்க வூட்டுக்காரம்மாங்க."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க."

நான் என் ஆதாரை நீட்டினேன். அந்தப் படத்தில் நான் நெற்றி நிறைய விபூதியோடு, பல்வலி வந்தவள் போல இருப்பேன். மேனேஜர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது உங்க அம்மாங்களா?"

(உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது.)

என் கணவர் காதோரமாகக் குனிந்தார். "வூட்டுக்கே போயிடலாம் கலா. கால் வேற குளுருது."

அவர் 'வூடு' என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. "ஏங்க, மோட்டார ஆப் பண்ணீங்களா?"

"நீதான கடைசியா வெளிய வந்த?"

"கேஸ மூடுனது நானு, ஜன்னல சாத்துனது நானு, பூட்டுனது நானு. மோட்டாரும் நான்தான் ஆப் பண்ணணுமா? அப்ப நீங்க எதுக்கு இருக்கீங்க?"

"டேங்க்கு வழிஞ்சா எதுத்த வூட்டுக்காரரு ஆப் பண்ணுவாரு."

"அவரு என்ன நம்ம வூட்டு வாட்ச்மேனா?"

மேனேஜர் சத்தமில்லாமல் பதிவேட்டை எங்கள் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடுங்க சார். ரூம் நம்பர் பதினாலு. தப்பா வர்றவங்க மோட்டாரப் பத்திப் பேச மாட்டாங்கங்க."

சாவியில் இட்லித் தட்டு அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு தொங்கியது. அதில் லாட்ஜின் பெயர் பொறித்திருந்தது. முக்கால் பேன்ட்டின் பையில் அது அடங்கவில்லை. விரலில் மாட்டிக்கொண்டே கிளம்பினார்.

கோட்டைக் கோயிலுக்குப் போனோம். அங்கே இருந்தது அந்தத் தூண். நேராகப் பார்த்தால் மற்ற தூண்களைப் போலத்தான் நிற்கிறது. குனிந்து பார்த்தால்தான் அதன் குட்டு வெளிப்படும். கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். தூணுக்கும் தரைக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு வெளிச்சம். இந்தப் பக்கம் கைக்குட்டையை நுழைத்தேன், அந்தப் பக்கம் என் கணவர் அதைப் பிடித்து இழுத்தார். வந்தது! எங்கள் இருவருக்கும் வந்த சிரிப்பைப் பார்த்திருந்தால் நீங்கள் எங்களைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். இத்தனை வருடம் இதைத் தாண்டித்தானே செருப்பைத் தேடிப் போனேன்!

"இன்னொரு வாட்டி நுழைக்கறேன், கேமராவுல ஒரு போட்டோ எடுங்க," என்று நான் தரையோடு தரையாகக் கிடந்த நேரத்தில்தான் அந்தக் குரல் கேட்டது.

"அண்ணே!"

குமரேசன். எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். என் கணவரோடு தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பவர். அவருக்கு என் தொப்பியும் முதுகும்தான் தெரிந்திருக்க வேண்டும். நான் முகத்தைத் தூக்கவில்லை. விதி விதிதான். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையிலிருந்தபடியே 'கூடாது' என்று விரலை ஆட்டினேன்.

"அண்ணே, நான்தாண்ணே. என்னாண்ணே இந்த டிரஸ்ல?"

என் கணவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் ஒரு முறைகூடப் பொய் சொல்லி அகப்படாத அந்த மனிதர், தெளிவாகச் சொன்னார்:

"நோ தமிழ்."

குமரேசன் என் கணவரின் விரலில் ஆடிக்கொண்டிருந்த பித்தளைத் தகட்டை ஒரு முறை படித்தார். பிரகாரத்தைச் சுற்றாமலேயே போய்விட்டார்.

"பாவம்டி, நாளைக்கு டீ குடிக்கறப்ப என்ன சொல்றது?" என்றார் என் கணவர்.

"அத நாளைக்குப் பாத்துக்கலாம். இப்ப நம்ம வெளியூரு."

அன்று பகல் முழுக்க நான் அப்படியொரு சந்தோஷத்தில் இருந்தேன். அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பார்த்தோம். மாடுகளை மீட்கப் போய் உயிரை விட்டவர்கள் கல்லில் வில்லோடு நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொருவர் முன்னாலும் நின்றேன். நம்ம ஊர் ஆட்கள், இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டோமே என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. மதியம் ஒரு மெஸ்ஸில், முறைப்படி, "உங்க ஊர் ஸ்பெஷல் என்னாங்க?" என்று கேட்டேன். பரிமாறியவர் யோசிக்காமல், "பரோட்டாங்க," என்றார். பிறகு டவுன் பஸ் பிடித்து அதியமான்கோட்டை போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ்ஸில் போகும்போது நான் வழக்கமாகச் சில்லறையைத்தான் பார்ப்பேன், இல்லாவிட்டால் தூங்குவேன். (தொப்பூர் கணவாயில் மட்டும் கண்ணை மூடிச் சாமி கும்பிடுவேன். அதனால் அதையும் பார்த்ததில்லை.) அன்று மாமரங்களைப் பார்த்தேன். தூரத்தில் மலை இருந்தது. இருக்கிறதே, அது அங்கேயே இருக்கிறதே என்று பார்த்தேன்.

நாங்கள் இப்படி மலை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஊருக்குள் நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அன்றைக்கென்று பார்த்து, ராஜாமணி அண்ணி மாப்பிள்ளையின் அம்மாவோடு துணி எடுக்கத் தர்மபுரிக்கு வந்திருக்கிறார். வந்தவர்கள், அப்படியே எங்களையும் பார்த்துவிட்டுப் பூ வைக்கும் நாளைப் பேசிவிடலாம் என்று கடைக்குப் போயிருக்கிறார்கள். கடை பூட்டு. பொங்கலுக்குக்கூட அரை நாள் திறந்திருக்கும் கடை. வீட்டுக்குப் போனால் வீடும் பூட்டு. போன் போட்டால் இரண்டு போனும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பதறிப்போய்த் திரும்பக் கடைப் பக்கம் வந்து குமரேசனிடம் விசாரித்திருக்கிறார்கள்.

குமரேசன் நல்ல மனிதர். முதலில் சொல்லவே மாட்டேன் என்றிருக்கிறார். அண்ணி விட்டால்தானே?

"அக்கா ஊர்ல இல்ல போலங்க. அண்ணன் மட்டும்... ஒரு சுடிதார் போட்ட பொம்பளையோட கோயில்ல இருந்தாருங்க. கூலிங் கிளாஸு, தொப்பி. அந்தம்மா தரையில உருண்டு சிரிக்குதுங்க, அண்ணன் போட்டோ எடுக்கறாரு. கையில லாட்ஜ் சாவி வேற. கூப்ட்டா, தமிழே தெரியாதுன்னுட்டாருங்க."

இதை மாப்பிள்ளையின் அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

இது எதுவும் தெரியாமல் நாங்கள் சாயங்காலம் லாட்ஜுக்குத் திரும்பினோம். நடந்து நடந்து எனக்கு முட்டி வலித்தது. அதனால் அவர் தோளில் கையைப் போட்டுத் தொங்கிக்கொண்டே படியேறினேன். அவர் ஏதோ சொல்ல, நான் சத்தமாகச் சிரித்தேன். ரிசப்ஷன் சோபாவிலிருந்து ஒரு உருவம் எழுந்தது.

"வாடா மன்மதா!"

என் கணவர் கல்லானார். அண்ணி அவரைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். கையிலிருந்த துணிக்கடை கட்டைப்பையைச் சுழற்றி என் முதுகில் ஒரு போடு போட்டார். உள்ளே பட்டுச் சேலை அட்டைப்பெட்டியோடு இருந்திருக்க வேண்டும். நல்ல கனம்.

"ஏன்டி, கண்ணாடி போட்ட மூதேவி! உனக்கு ஊர்ல வேற ஆம்பள கெடைக்கலியா?"

நான் உடனே, 'அண்ணி, நான் கலா' என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தேன். அதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"எங்க வூட்டு மருமக எப்படிப்பட்டவன்னு தெரியுமாடி உனக்கு? தங்கம்டி அவ! அவ கால் தூசிக்கு ஆவியாடி நீ?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அக்கா, இது வந்து..." என்றார் என் கணவர்.

"நீ பேசாத! உனக்குத்தான் தமிழ் தெரியாதேடா! இவனுக்கு என்னாடி தெரியும்? மாத்திரை பேரக்கூட அவதான் சொல்லிக் குடுத்தா. எங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப, பெத்த பொண்ணு நானே மூக்கப் பொத்திட்டுத்தான்டி நின்னேன். அவ அள்ளிக் கொட்டுனா. ஒரு நாளு மூஞ்சி சுளிக்கல. எங்கம்மா சாவறப்ப என் கையப் புடிக்கல, அவ கையப் புடிச்சிட்டுத்தான் செத்துச்சு. அப்படிப்பட்டவ வூட்ட கெடுக்க வந்துட்டியே, நீ நல்லா இருப்பியா?"

இரண்டாவது அடி விழுந்தது. தொப்பி பறந்தது. முதுகு எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அடி எனக்கு வலிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் சொல்லட்டும், இன்னும் ஒரே ஒரு அடிகூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இருபத்தைந்து வருடப் பசி அது.

ஆனால் மூன்றாவதாக அவர் என் தலைமுடியைப் பிடித்தார். அது தாங்காது.

"அண்ணி," என்றேன். கண்ணாடியைக் கழற்றினேன். "நான்தாங்க அண்ணி."

கையில் என் பின்னல் இருக்க, அண்ணி என்னை நெற்றியிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு காலிலிருந்து நெற்றிவரை பார்த்தார். கவுன்டருக்குப் பின்னால் குனிந்திருந்த மேனேஜர் மெதுவாகத் தலையைத் தூக்கி, "நான் அப்பவே கேட்டேங்க," என்றார்.

"கலாவா?"

"ஆமாங்க அண்ணி."

"இது என்னாடி கருமம்?"

நான் சொன்னேன். கேரள ஜோடி, பஸ் ஸ்டாண்டு, தூண், மோட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு முட்டாள்தனமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. அண்ணி சோபாவில் பொத்தென்று உட்கார்ந்து, "பயந்தே போயிட்டேன்டி," என்று அழ ஆரம்பித்தார்.

அப்போதுதான் சோபாவின் மறு மூலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. போச்சு, என் மகள் கல்யாணத்தை ஒரு சுடிதாரால் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். நிவேதாவிடம் என்ன சொல்வேன்? 'உன் தொப்பி நன்றாக இருந்தது, ஆனால் வரன் போய்விட்டது' என்றா?

"சம்மந்தியம்மா, தயவுசெஞ்சு தப்பா எடுத்துக்காதீங்க..." என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் முந்தானையை எடுத்தார். சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தமிழே தெரியாதுன்னாராமா அண்ணன்?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். என் கணவர் தன் கெண்டைக்காலை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் பூந்தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார்.

சிரிப்பு அடங்கியதும் சம்மந்தியம்மா கேட்ட முதல் கேள்வி, "ரூம்ல ஏசி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப வாங்க, கொஞ்சம் படுக்கலாம். காலையில இருந்து உங்கள தேடி அலைஞ்சு காலு வுட்டுப்போச்சு."

பதினாலாம் நம்பர் அறையில் ஒரே கட்டிலில் நாங்கள் மூன்று பேரும் வரிசையாகப் படுத்தோம். என் கணவருக்கு ரிசப்ஷன் சோபா. படுத்தபடியே பூ வைக்கும் நாளைப் பேசி முடித்தோம். "எங்க வூட்டுக்காரரு என்னோட கோயிலுக்கு வந்தா நாலடி முன்னாடியே நடப்பாருங்க," என்றார் சம்மந்தியம்மா, கூரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, "துணி இன்னும் எடுத்து முடியல, நாளைக்குத்தான் வருவேன்," என்று கூசாமல் சொன்னார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலை நான்கு பேரும் கோட்டைக் கோயிலுக்குப் போனோம். அண்ணி முதலில், "தூணுன்னா நிக்கத்தான் செய்யும், இதுல பாக்கறதுக்கு என்னா இருக்குது?" என்றார். பிறகு கைக்குட்டையை வாங்கி நுழைத்துப் பார்த்தார். பிறகு தன் முந்தானையை நுழைத்துப் பார்த்தார். அவரைத் தரையிலிருந்து எழுப்பிக் கூட்டிவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் குமரேசன் என் கணவரைப் பார்த்ததும் கையை நீட்டி, "ஹலோ சார், ஹவ் ஆர் யூ?" என்றார். இன்றுவரை அவர் டீக்கடை பெஞ்சில் என் கணவரோடு தமிழில் பேசுவதில்லை. என் மாப்பிள்ளை போன் செய்தால், "மாமா, நீங்க பேசுவீங்களா, ட்ரான்ஸ்லேட்டர் யாராச்சும் வேணுமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

அண்ணி மட்டும் அன்றைக்குச் சொன்னதை மறுபடி பேசியதே இல்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ஒரு வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். போன மாதம் வந்தபோது கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். இரண்டு கவளம் சாப்பிட்டார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பேசுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

"பரவால்லம்மா, நல்லாத்தான் வெச்சிருக்க. ஆனா எங்க தம்பி பொண்டாட்டி ஒருத்தி இருக்கறா. அவ கைப்பக்குவத்துக்கு வராது."

நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.